சும்மா இருப்பவர்களின் கணக்கு

வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, "என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டு, வரும் பதிலில் எது நாட்டின் உற்பத்தியில் சேரும், எது சேராது என்று பிரித்துப் போடுவதுதான் நான் பார்த்த தொழில். கணக்கு அரசாங்கத்துடையது, நாங்கள் ஒப்பந்தக்காரர் எடுத்துப் போட்ட ஆட்கள். கழுத்தில் ஓர் அட்டை, கையில் ஒரு டேப்லெட், தலைக்கு மேல் மதுரை வெயில். கதவைத் திறப்பவர்கள் முதலில் எங்களைக் கடன் வசூலிக்க வந்தவர்கள் என்று நினைப்பார்கள். அது இல்லை என்று தெரிந்ததும் ரேஷன் கார்டை வெட்ட வந்தவர்கள் என்று நினைப்பார்கள். "வீட்ல யாருமில்ல" என்று உள்ளே இருந்துகொண்டே நீங்களும் ஒருநாள் எங்களுக்குக் குரல் கொடுத்திருப்பீர்கள். பரவாயில்லை, நாங்கள் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள்.

இப்போது நான் அந்த வேலையில் இல்லை. அம்மா படுக்கையில் விழுந்தார், பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, வேலையை விட்டேன். வீட்டில் படுத்த படுக்கையாக ஓர் ஆளை வைத்துக்கொண்டிருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. துணைக்கு இன்னொருவன் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு படியுங்கள்.

பரவையில் ஒரு பதில்

பரவை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு தெரு. என்னோடு வந்தவன் ஜெயபாண்டி. வயதில் என்னைவிட ரொம்ப இளையவன். வாய் மட்டும் என்னைவிட மூத்தது. கதவைத் திறந்த பெண்ணின் இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் சோப்பு நுரை, உள்ளே குக்கர் கத்திக்கொண்டிருந்தது. எங்களை நிற்கச் சொல்லிவிட்டுப் போய் மாமனாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தார். தண்ணீர் லாரியின் சத்தம் கேட்டதும் குடங்களை எடுத்துக்கொண்டு ஓடினார். நிரப்பிக்கொண்டு வந்து மறுபடியும் வாசலில் நின்றார். நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். மூச்சு வாங்கிக்கொண்டே, "வேலையா? நான் சும்மாதான் சார் இருக்கேன்" என்றார்.

இந்தச் சும்மாவுக்கு எங்களிடம் ஓர் எண் உண்டு. தொண்ணூற்றிரண்டு. வீட்டு வேலை மட்டும் பார்ப்பவர் என்று அர்த்தம். அதை அழுத்திவிட்டால் அந்த ஆள் உழைப்பாளர்கள் வரிசையிலிருந்து வெளியே போய்விடுவார். அவர் துவைத்தது, சமைத்தது, சுமந்தது எதுவும் நாட்டின் உற்பத்தியில் ஒட்டாது. அந்தத் தெரு முழுக்கத் தொண்ணூற்றிரண்டாக அழுத்திக்கொண்டே போனோம். முனையில் வண்டியை எடுக்கும்போது ஜெயபாண்டி கேட்டான்: "அண்ணே, இந்த ஊர்ல பாதிச் சனம் சும்மாதேன் இருக்கு. அப்புறம் எப்படிண்ணே வீட்டுக்கு வீடு சோறு வேகுது?"

வட்டிலில் விழுந்தது

திருவாதவூரில் ஒரு விவசாயி வீடு. விளைந்த நெல்லில் விற்றது போக, சாப்பாட்டுக்கு நிறுத்திக்கொண்டது எவ்வளவு என்று கேட்டுக்கொண்டிருந்தேன். "வீட்டுக்கு வச்சதெல்லாம் எதுக்குங்க? அதுல ஒரு காசு வரலையே" என்றார் அவர். வராவிட்டாலும் அது உற்பத்திதான், விற்காத நெல்லும் நாட்டுக் கணக்கில் சேரும் என்று விளக்கினேன். மனுஷனுக்குப் பெருமை தாங்கவில்லை. மூட்டைகள் அடுக்கியிருந்த அறையைத் திறந்து காட்டினார்.

அவர் மனைவி அதுவரைக்கும் அடுப்படியில் இருந்தார். அங்கிருந்தே, "அப்ப இங்க வேகுதே, இது?" என்றார். வீட்டு ஆட்களுக்குச் சமைப்பது சேராது என்றேன். ஹோட்டலில் ஆக்கினால் சேரும், வீட்டில் ஆக்கினால் சேராது, விதி அப்படி. இதைச் சொல்லும்போது எப்போதும் என் குரல் கொஞ்சம் இறங்கிவிடும். அந்த அம்மாள் கரண்டியோடு வெளியே வந்து என்னைப் பார்த்துவிட்டு, புருஷனையும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வயல்ல வெளஞ்சது கணக்கு, வட்டில்ல விழுந்தது கணக்கு இல்லையாக்கும். நடுவுல அடுப்பு தானா எரிஞ்சுச்சுன்னு எழுதிக்கங்க."

தனக்குத் தானே வாடகை

விளாங்குடிப் பக்கம் ஒரு மாடி வீடு. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனியாக இருந்தார். மனைவி இறந்துவிட்டார். பிள்ளைகள் வெளிநாட்டில். கீழே மட்டும் புழங்குகிறார். மாடியைப் பூட்டிப் போட்டிருந்தார். பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் காபி போட்டுக் கொடுத்தார். இப்படிக் காபி கொடுக்கும் வீடுகளில்தான் எனக்கு அதிகமாக மனசு கனக்கும்.

இந்த வீட்டை வாடகைக்கு விட்டால் என்ன கிடைக்கும் என்று ஒரு கேள்வி. எதற்கு என்று கேட்டார். சொந்த வீட்டில் குடியிருப்பவர் தனக்குத் தானே வாடகை கொடுப்பதாக வைத்துக்கொண்டு அதையும் நாட்டின் உற்பத்தியில் சேர்ப்பார்கள் என்றேன். என் தொழிலில் நான் சொல்லும் உண்மைகளில் இதைத்தான் ஒருவரும் நம்பியதில்லை. அவர் நம்பினார். ஈரம் படர்ந்து கறுத்திருந்த கூரையை அண்ணாந்து பார்த்தார். "அப்ப அந்த வீட்டுக்காரன்கிட்ட நீங்களாச்சும் சொல்லுங்க சார். மாடி ஒழுகுதுன்னு எம்புட்டுத் தடவ சொன்னாலும் கேக்க மாட்டேங்குறான்."

அம்மா விழுந்த வாரம்

வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தபோது அம்மா விழுந்தார். என் மனைவி கோமதி வேலைக்குப் போயிருந்தாள், நான் திண்டுக்கல் ரோட்டில் யார் வீட்டுக் கதவையோ தட்டிக்கொண்டிருந்தேன். எண்ணெய் கருகிய நாற்றத்தில் பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்திருக்கிறார். பக்கவாதம். வலது பக்கம் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. 'ம்' என்பதும் 'வேணாம்' என்பதும் மட்டும் மிஞ்சின. இரண்டையும் எதற்கு எது என்றில்லாமல் மாற்றி மாற்றிச் சொன்னார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோதும் தொழில் புத்தி போகவில்லை. ஆம்புலன்ஸ் சேரும். ஸ்கேன் சேரும். ஊசி, படுக்கை, வராந்தாவில் நான் குடித்த டீ எல்லாம் சேரும். எனக்கு நினைவு தெரிந்த நாளாக அந்த அடுப்படியில் நின்று அம்மா செய்த எதுவும் சேரவில்லை. விழுந்த நொடியிலிருந்து அம்மா பேரில் நாட்டுக்கு வரவு வரத் தொடங்கிவிட்டது. எனக்கு அழுகை வந்தது, கூடவே கோபமும் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. பார்க்க வந்த ஜெயபாண்டியிடம் இதைச் சொன்னேன். வழக்கமாகச் சிரிப்பவன் அன்றைக்குச் சிரிக்கவில்லை. "என்னண்ணே செய்யிறது, நம்ம வீட்ல ஒரு ஆளு விழுந்தாத்தேன் நாட்டுக்கணக்கு எந்திரிக்குது."

முத்துமாரியின் கை

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு அம்மாவைப் பார்த்துக்கொள்ள சமயநல்லூரிலிருந்து முத்துமாரி என்பவர் வந்தார். பஸ்ஸில் வருவார், பொழுது சாய்ந்ததும் போவார். அம்மாவைப் புரட்டிப் படுக்க வைப்பார், துடைப்பார், கஞ்சியை ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டுவார். புரையேறாமல் ஊட்டுவது எங்கள் வீட்டில் அவருக்கு மட்டும்தான் கைவந்தது. சம்பளத்துக்குச் செய்ததால் அவர் செய்தது அத்தனையும் உற்பத்தி. அதே கஞ்சியை ஞாயிற்றுக்கிழமை கோமதி ஊட்டுவாள், அது உற்பத்தி இல்லை. நிதானமாக யோசித்தால் பைத்தியம் பிடிக்கும் என்பதால் நான் யோசிப்பதில்லை.

முத்துமாரி வீட்டிலும் ஒரு கிழவி இருந்தார், அவருடைய மாமியார். இவர் எங்கள் வீட்டில் இருக்கும் நேரத்தில் அந்தக் கிழவியைப் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்துக்கொண்டார்கள். ஒருநாள் கிழவி வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். இனிமேல் எட்டிப் பார்த்தால் போதாது, கூடவே இருக்க வேண்டும். மறுநாள் முத்துமாரி வந்தது சொல்லிவிட்டுப் போகத்தான். அம்மாவின் இடது கையைப் பிடித்து, "போயிட்டு வாரேன் ஆச்சி" என்றார். வர மாட்டார் என்று மூன்று பேருக்கும் தெரியும். அம்மா "வேணாம், வேணாம்" என்றார். அது சரியான இடத்தில் வந்த வேணாமா, தவறி வந்த வேணாமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே முத்துமாரி என்னிடம் சொன்னார்: "இங்க உங்கம்மாவப் பாத்தா வேலைக்குப் போறாங்குறாக. அங்க எங்க மாமியாவப் பாத்தா சும்மா இருக்காம்பாக. கை என்னமோ இதே கைதேண்ணே."

யார் இருப்பது

வேறு ஆள் தேடினோம். வந்த ஒருவர் ஒரே நாளில் நின்றுவிட்டார், இன்னொருவர் அம்மாவை அதட்டினார். கடைசியில் கோமதியும் நானும் உட்கார்ந்து பேசினோம். அவள் ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்பவள். காலெல்லாம் நரம்பு சுருட்டிக்கொண்டு கிடக்கிறது, ஆனால் நிரந்தர வேலை. என்னுடையது ஒப்பந்தம், அடுத்த கணக்கெடுப்புக்குக் கூப்பிடுவார்களா என்பதே சந்தேகம். இந்தக் கணக்குக்கு டேப்லெட் தேவைப்படவில்லை. கோமதி என் முகத்தைப் பார்க்காமல், கால் நரம்பைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "ரெண்டு பேர்ல ஒரு ஆளு சும்மா இருக்கணும். நான் சும்மா இருந்தா குடும்பம் தாங்காது. நீங்க இருங்க."

டீக்கடை

பெண்பிள்ளை சும்மா இருக்கிறாள் என்றால் வீட்டில் இருக்கிறாள் என்று அர்த்தம். ஆம்பளை சும்மா இருக்கிறான் என்றால் அர்த்தமே வேறு. குடிக்கிறானோ, கையாடல் செய்து வேலை போனதோ என்று ஊர் யோசிக்கும். ஒரே சொல்தான், ஆளைப் பார்த்து நிறம் மாறுகிறது. வாழ்நாள் முழுக்க இந்தச் சொல்லை அடுத்தவர் வாயிலிருந்து வாங்கி எண்ணாக மாற்றியவன் நான். என் மேல் விழுந்தபோதுதான் அதன் கனம் தெரிந்தது. அம்மா கண் அசந்த நேரத்தில் தெருமுனை டீக்கடைக்கு ஓடிப்போய், ஸ்ட்ராங்காக ஒரு டீ கேட்டேன். கடைக்காரர் நல்லவர்தான், பல வருடப் பழக்கம், வேடிக்கையாகத்தான் கேட்டார். ஆனாலும் பாதி டீயை வைத்துவிட்டு வந்துவிட்டேன். அவர் கேட்டது இதுதான்: "சும்மா இருக்குற ஆளுக்கு எதுக்கு மாப்ள ஸ்ட்ராங் டீ?"

சுவர்ப் பக்கம்

இதை எழுதலாமா என்று யோசித்தேன். உங்களில் சிலருக்குத் தெரியும் என்பதால் எழுதுகிறேன். பெற்ற தாயைக் குளிப்பாட்டிவிடுவது மகனுக்குக் கஷ்டம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். கஷ்டம் தாய்க்கு. முதல் நாள் நான் துணியை நனைத்துக்கொண்டு போனபோது அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். துடைத்து முடித்து, சேலை சுற்றி, தலையைச் சீவிவிட்ட பிறகும் திரும்பவில்லை. ஊட்ட வந்தபோது வாயைத் திறக்கவில்லை. அன்று மத்தியானம் கஞ்சி அப்படியே ஆறிப்போனது. எனக்கு வந்தது துக்கம்கூட இல்லை, வெட்கம்; அம்மாவின் வெட்கத்தைப் பார்த்து வந்த வெட்கம்.

போகப் போகப் பழகிவிட்டது என்று சொல்ல ஆசைதான். பழகவில்லை. கஞ்சி ஊட்டப் பழகினேன், படுக்கைப் புண் வராமல் புரட்டிவிடப் பழகினேன். துடைக்கும் நேரம் வந்தால் மட்டும் அம்மா சுவரைப் பார்ப்பார், நான் ஜன்னலைப் பார்ப்பேன். கொடியில் நான் துணி காயப் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா, என் காதில் விழும் என்று தெரிந்தோ தெரியாமலோ, தன் மருமகளிடம் சொன்னார்: "ஒரு பொம்பளப் பிள்ளையப் பெத்திருக்கக் கூடாதா இந்த மகராசி?"

எங்கள் வீட்டு முறை

போன மாதம் எங்கள் தெரு கணக்கெடுப்பில் வந்தது. குலுக்கலில் எங்கள் வீடும் விழுந்தது. கதவைத் தட்டியவன் ஜெயபாண்டி. கழுத்தில் அட்டையும் கையில் டேப்லெட்டுமாக வந்து நின்றவன், "சாரிண்ணே, கேள்வியை வரிசையாத்தேன் கேக்கணும்" என்றான். கேளு மாப்ள என்றேன். அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டுகிற நேரம் அது. கட்டிலுக்குப் பக்கத்தில் அவனை உட்காரச் சொல்லிவிட்டு ஊட்டிக்கொண்டே பதில் சொன்னேன்.

கோமதிக்கு எண் சுலபம், மாதச் சம்பளக்காரி. அம்மாவுக்கும் சுலபம், உடல்நலமில்லாததால் வேலை செய்ய இயலாதவர். அடுத்தது நான். "நீங்க என்ன வேலைண்ணே பாக்குறீங்க?" என்று டேப்லெட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான். ஸ்பூனில் இருந்த கஞ்சி சிந்தாமல் அம்மா வாயருகே கொண்டுபோய்க்கொண்டே, எத்தனையோ வாசல்களில் கேட்டுக் கேட்டு ஊறிப்போன பதில் என் வாயிலிருந்தும் வந்தது. "சும்மாதான் மாப்ள இருக்கேன்."

அம்மா வாயைத் திறக்கவில்லை. ஸ்பூனை இடது கையால் தள்ளினார், கஞ்சி என் சட்டையில் கொட்டியது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பப் போகிறார் என்று நினைத்தேன். திருப்பவில்லை. ஜெயபாண்டியைப் பார்த்தார். உதடு கோணிக்கொண்டு போயிற்று, எச்சில் வழிந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. விழுந்த நாளிலிருந்து 'ம்', 'வேணாம்' தவிர வேறு சொல் வராத வாயிலிருந்து, உடைந்து உடைந்து வந்தது: "சும்மா... இல்ல." அம்மாவே மறுபடியும், இன்னும் கொஞ்சம் சத்தமாக, "இல்ல" என்றார். நான் சட்டையைத் துடைப்பது போலக் குனிந்துகொண்டேன், அந்தப் பையன் முன்னால் அழ எனக்கு இஷ்டமில்லை.

ஜெயபாண்டி தொண்ணூற்றிரண்டை அழுத்தினான். எங்களிடம் இருப்பதிலேயே உண்மைக்குப் பக்கத்தில் உள்ள எண் அதுதான். உற்பத்தியில் சேராது, ஆனால் இந்த ஆள் வீட்டில் ஒரு வேலை செய்கிறான் என்றாவது சொல்லும். டேப்லெட் ஏற்கவில்லை. 'ஆண், சரிபார்க்கவும்' என்று சிவப்பில் காட்டியது. மறுபடி அழுத்தினான், மறுபடி சிவப்பு. சூப்பர்வைசருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, "சார், இவரு அம்மாவப் பாத்துக்கிட்டு வீட்டு வேலை பாக்குறாரு சார், நெசமாவே பாக்குறாரு" என்றான். அந்தப் பக்கம் ஏதோ பஸ் சத்தம். அவருக்கு எத்தனை வீடு பாக்கியோ, எத்தனை பேர் வரிசையில் காத்திருந்தார்களோ, அவரையும் குறை சொல்ல முடியாது. அம்மாவும் நானும் கேட்டுக்கொண்டிருக்கும்போதே பதில் வந்தது: "ஆம்பள ஆளு எப்படிப்பா தொண்ணூத்திரெண்டுல வருவாரு? கை கால் நல்லாத்தான இருக்கு, வேலை தேடுறார்னு போட்டுட்டு அடுத்த வீட்டுக்குப் போ."

ஆக, அன்றிலிருந்து நாட்டின் கணக்குப்படி நான் மும்முரமாக வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்துத் தொலைத்தால் அம்மாவை யார் பார்ப்பது என்பதுதான் என் கவலை.